மேல் தட்டில் ஏழு பாட்டில்

பீரைக் கொதிக்கவிடக் கூடாது. வீட்டில் செய்கிறவர்கள் பாதிப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். சாராயம் சீக்கிரம் போக வேண்டும் என்று அடுப்பைப் பெரிதாக்கித் தளதளவென்று கொதிக்கவைத்துவிடுவார்கள். அப்புறம் வாயில் வைத்தால் சாக்கு ஊறிய தண்ணீர் மாதிரி இருக்கும். எண்பது டிகிரி. பாத்திரத்தை மூடாமல், ஜன்னலைத் திறந்து வைத்து, அரைமணி நேரம். தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. வாசனை நிற்கும், கசப்பு நிற்கும், போக வேண்டியது மட்டும் ஆவியாகப் போய்விடும். மிஞ்சுவது நன்றாகக் கனிந்த பழத்தில் இருக்கிற அளவுதான். அதைக் குடித்து யாரும் தள்ளாடியதில்லை. என் வீட்டுக்காரரைத் தவிர.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டரம்மா, அவர் நேற்று இங்கே வந்து உங்களிடம் சொன்னது அத்தனையும் இந்த அரைமணி நேரத்தில் அடிபட்டுப்போகிறது. பதினோரு வருடத்துக்கு முன் குடிபோதையில் பாட்டிலை எறிந்து தன் அக்காவைக் கொன்றுவிட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். அவர் குடித்திருக்கவில்லை. எறியவில்லை. கொல்லவும் இல்லை. இன்று சாயங்காலத்துக்குள் நீங்கள் அவரை வெளியே விட வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். அழுவதற்கு வரவில்லை, அதனால் அந்த டிஷ்யூ டப்பாவை உங்கள் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரெக்கார்டர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா? சரி.

நான் பள்ளிக்கூடத்து ரசாயன ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். ஆசிரியை இல்லை, உதவியாளர். 'குழாய் கழுவுற அம்மா' என்று சொல்வார்கள். கழுவினேன். ஆனால் எந்தப் புட்டியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது அவர்களுக்கே என்னைக் கேட்டால்தான் தெரியும். என் கையில் அளவு தப்பியது கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் நீங்களே கேட்பீர்கள், அதற்காகச் சொல்லிவைக்கிறேன்.

அவர் லிப்ட் மெக்கானிக். காலை ஐந்து மணிக்கு வேலை, மூன்று மணிக்கு வீடு. மூன்றே காலுக்கு முதல் பாட்டில். இருபது வருடம். குடித்தால் ஒரே ஒரு ஜோக் சொல்வார்: "மேல போனவன் எல்லாம் கீழ வந்துதான் ஆகணும், நான்தான் இறக்கிவிடணும்." முதல் தடவை நானும் சிரித்தேன். நாலாயிரமாவது தடவை யார் சிரிப்பார்கள். அப்புறம் வாந்தி, அப்புறம் துடைப்பம், அதுவும் நான்தான். ஒருநாள் பாட்டிலைத் தூக்கிச் சமையலறைச் சுவரில் அடித்தார். என் காதுக்கு ஒரு சாண் தள்ளி. மறுநாள் காலையில் சுவரில் இருந்த பள்ளத்தைப் பார்த்து, "யாரு இப்படி இடிச்சது?" என்று என்னையே கேட்டார். சொன்னேன். "நானா?" என்றார். அந்த 'நானா'வை நான் மறக்கவே இல்லை. பள்ளத்தை மறைத்து ஒரு காலண்டரை மாட்டினார். வருடா வருடம் புதுக் காலண்டர், அதே ஆணி.

வேலையிடத்தில் கடைசி எச்சரிக்கை கொடுத்தார்கள். லிப்டுக்குள் ஜனங்கள் நிற்கும்போது இவர் கை நடுங்கினால் என்ன ஆகும், அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. அன்றைக்குத்தான் நான் சொன்னேன்:

"ஏங்க, கடைக்குப் போய்க் கண்டதைக் குடிக்காதீங்க. நானே வீட்டுல செஞ்சு தரேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வை, எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

"நீயா? பீரா? விளையாடாத."

"பார்லி, ஈஸ்ட், தண்ணி. பள்ளிக்கூடத்துல இதைவிடக் கஷ்டமானதெல்லாம் செஞ்சிருக்கேன்."

முளைகட்டி வறுத்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் என்கிற காய்ந்த பூவைப் போட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்துப் பத்து நாள் புளிக்கவிடுவேன். முதல் இரண்டு தடவை அப்படியே கொடுத்தேன். நாக்கு பழக வேண்டும் அல்லவா. மூன்றாவதில் பாதியை அடுப்பில் ஏற்றினேன். ஒரேயடியாக நிறுத்தினால் குடிகாரனுக்கு ஜன்னி வரும், உயிருக்கே ஆபத்து. அதனால் ஒன்பது வாரம், கொஞ்சம் கொஞ்சமாக. பத்தாவது வாரம் அவர் குடித்தது வெறும் கசப்புத் தண்ணீர். பாட்டிலில் ஊற்றும்போது மறுபடி ஒரு சிட்டிகை ஈஸ்ட்டும் ஒரு சின்னக் கரண்டி சீனியும் போட்டு மூடியை அழுத்திவிட்டால், நாலு நாளில் நுரை வந்துவிடும். நுரை இருந்தால்தானே மனிதர்கள் நம்புகிறார்கள்.

அவர் நம்பினார். நான் எதிர்பார்க்காதது என்னவென்றால், அவருடைய கால்களும் நம்பின. மூன்றாவது பாட்டிலில் தள்ளாடினார். குரல் தடித்தது. நாலாவதில் அழுதார். லிப்ட் ஜோக் வந்தது. நான் அடுப்போரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டுச் சாராயம் இல்லாமல் ஒரு மனிதன் இவ்வளவு தூரம் போகிறானே என்று எனக்கு வியப்பு. வாந்தி மட்டும் இல்லை. துடைப்பத்துக்கு ஓய்வு. வேலையிடத்தில் கை நடுங்குவது நின்றது. மேலாளர் கூப்பிட்டுப் பாராட்டினார். இவர் வீட்டுக்கு வந்து, "வீட்டுச் சரக்கு உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார்.

இதுவரைக்கும் என்னைக் குற்றம் சொல்ல உங்களுக்கு எதுவும் கிடைத்திருக்காது. பாராட்டக்கூடச் செய்வீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

தினமும் காலையில் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார். இருபது வருடப் பழக்கம். "நேத்து ஏதாவது தப்பாப் பேசினேனா?" குடித்த காலத்தில் நான் பட்டியல் வாசிப்பேன். குடி போன பிறகு, "ஒண்ணும் இல்ல, போய்ட்டு வாங்க" என்றுதான் சொன்னேன். உண்மையில் முந்தின நாள் நடந்தது எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும், இல்லையா? இருந்தது. ஆனால் அவர் அதை நம்பவில்லை. இருபது வருடம் தன் ஞாபகம் தன்னை ஏமாற்றியதில், அவர் அதைத் தள்ளிவைத்துவிட்டார். அந்த நாற்காலி காலியாக இருந்தது. நான் உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் சொன்னேன்: "நேத்து நீங்களே சொன்னீங்களே, ஞாயித்துக்கிழமை கூட்டாளிங்க இங்க வர வேணாம்னு."

"நானா?"

"ஆமா. ரெண்டு தடவை சொன்னீங்க."

நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டார். "சரி. சொன்னா சொன்னதுதான்" என்றார். கூட்டாளிகள் வரவில்லை.

குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். எங்கள் வீட்டில் விடிந்த பிறகுதான் அவர் பேச்சே ஆரம்பித்தது. மோட்டார் சைக்கிளைத் தன் தம்பி முறைக்காரனுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். மீசையை எடுத்துவிடுவதாகச் சொன்னார். என் பிறந்த வீட்டைப் பற்றி இனி வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியமே செய்தார். எல்லாம் நான் காலையில் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிற மனிதர், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஒவ்வொன்றையும் செய்தார். செய்துவிட்டு மன்னிப்பும் கேட்டார்.

முகத்தைச் சுளிக்கிறீர்கள். இருபது வருடம் வாந்தி அள்ளியிருக்கிறீர்களா? இல்லையே. அப்படியானால் முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேளுங்கள்.

மூன்றாவது வருடம் நாத்தனார் வந்து சேர்ந்தார். அவருடைய அக்கா. ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "ரெண்டு மாசம் இருந்துட்டுப் போறேன்" என்று ஒரு பெட்டியோடு வந்தார். எட்டு மாதம் ஆனது. கை குலுக்கினால்கூட நாடி பார்க்கிற ஆள். குறை சொல்ல மாட்டார், ஆனால் எல்லாவற்றையும் பார்ப்பார். தம்பி மேல் உயிர். தம்பியை 'தடியா' என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நடக்கப் போனவர் குடை எடுக்கத் திரும்பி வந்தார். நான் அடுப்பில் பீரை ஏற்றித் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா இது, பால் காய்ச்சுற மாதிரி பீரைக் காய்ச்சுற?"

"கிருமி போகட்டும்னுதான் அண்ணி."

"நாப்பது வருஷம் ஊசி வேக வெச்சவகிட்ட கிருமி பத்திச் சொல்றியா நீ? இந்த ஆவியில போறது கிருமி இல்ல, சாராயம்." பாத்திரத்தின் மேல் குனிந்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எத்தனை நாளா?"

"ரெண்டரை வருஷமா."

சிரிக்க ஆரம்பித்தார். குடை கையிலிருந்து விழுந்தது. கண்ணீர் வரும்வரை சிரித்தார். "அடக் கடவுளே. அப்போ இந்தத் தடியன் ரெண்டரை வருஷமா சும்மாவேதான் தள்ளாடுறானா?"

எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்வானேன். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த எட்டு மாதத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். பிறகு அவர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீ அவனுக்கு உசிரைத் திருப்பிக் குடுத்திருக்க. நான் பெத்த தாய் மாதிரி வளர்த்தும் என்னால முடியல. இன்னைக்கே அவன்கிட்ட சொல்லணும்."

"வேண்டாம் அண்ணி."

"ஏன் வேண்டாம்? தினம் காலையில ஷூ கட்டிட்டே உன்கிட்ட மன்னிப்புக் கேக்குறான். எதுக்குக் கேக்குறான்? ஒரு தப்பும் பண்ணாதவன். நீ நல்லவன்டா, ரெண்டரை வருஷமா சுத்தமா இருக்கடான்னு யாராவது அவனுக்குச் சொல்ல வேணாமா?"

நல்ல மனுஷி. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் இன்றைக்கும் அவரைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். தான் சுத்தமாக இருந்தோம் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தால், சொன்னதாக நான் சொன்னவை எல்லாம் என்ன ஆகும்? மீசை? மோட்டார் சைக்கிள்? கூட்டாளிகள்? காலையில் நாடாவைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து என்னைப் பார்க்கிற அந்த முகம்? நான் உழைத்து உண்டாக்கியது அது. இருபது வருடம் காத்திருந்து, இரண்டரை வருடம் எண்பது டிகிரியில் நின்று உண்டாக்கியது.

"பத்து நாள் பொறுங்க அண்ணி" என்றேன். "அவர் வேலையில சேர்ந்து முப்பது வருஷம் நிறையுது. கம்பெனியில விழா. அன்னைக்குச் சாயங்காலம் சொல்லுங்க. உங்க வாயாலயே சொல்லுங்க."

அவர் முகம் மலர்ந்துபோனது. "பத்து நாள்தானே? வாயைத் தெச்சுக்கறேன்" என்றார். தைத்துக்கொண்டார். சொன்ன சொல் காப்பாற்றுவது அந்தக் குடும்பத்துக்கே உண்டான குணம்.

விழா நாளும் வந்தது. கம்பெனியில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அவர் மூன்று மணிக்கு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். மூன்று பாட்டில் குடித்தார், ஜோக் சொன்னார். நாத்தனார் அன்று புதுப்புடவை. இருப்புக்கொள்ளவில்லை அவருக்கு.

"டேய் தடியா, இன்னைக்கு உனக்கு ஒரு சேதி வெச்சிருக்கேன்."

"உன் சேதி எல்லாம் மாத்திரை மாதிரி. கசப்பாத்தான் இருக்கும்."

"இது இனிப்பு. அதைக் கீழ வை முதல்ல. நாலாவதை நானே தரேன், நானும் உன்கூடக் குடிக்கப்போறேன்." சொல்லிக்கொண்டே தம்பி கையிலிருந்த பாட்டிலை வாங்கப்போனார்.

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் வீட்டுல, என் கையில இருந்து பிடுங்குறியா? நான் என்ன உன் வார்டு நோயாளியா?" என்று கத்தி, பாட்டிலை மேசையில் ஓங்கி வைத்தார். நுரை பொங்கி வழிந்தது. எழுந்துபோய்க் கூடத்து சோபாவில் விழுந்தார். காலை நாலு மணிக்கு எழுந்தவர். இரண்டு நிமிடத்தில் குறட்டை.

நாத்தனார் கோபப்படவே இல்லை. "தூங்கட்டும் பாவம். எழுப்பிச் சொல்லிக்கலாம். அதுக்குள்ள நீ கிளாஸ் எடுத்து வை" என்றார்.

"உங்களுக்குன்னு தனியா வெச்சிருக்கேன் அண்ணி. ஸ்டோர் ரூம்ல, மேல் தட்டு. நீங்கதான் உயரம், உங்களுக்குத்தான் எட்டும்."

போனார். நான் குழாயைத் திறந்துவிட்டுச் சக்கைப் பார்லியை அலசிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டிலை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தார். "என்னம்மா, இது வெதுவெதுன்னு இருக்கு" என்றார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. சத்தம் பெரிதாக இல்லை. பலகை உடைகிற மாதிரிதான் இருந்தது. கண்ணாடி கழுத்தில் பாய்ந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் சோபாவிலிருந்து ஓடிவந்தார். அக்காவை மடியில் போட்டுக்கொண்டு கழுத்தைக் கையால் அடைத்துப் பிடித்தார். லிப்டில் விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், சரியாகத்தான் செய்தார். பயனில்லை. ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தரையெல்லாம் கண்ணாடி. சுவரில் அந்தக் காலண்டர். அவர் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நானா?" என்றார்.

இல்லை என்று சொல்ல ஒரு வினாடி போதும். நான் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். "போய்க் கையைக் கழுவுங்க. வர்றவங்ககிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. இதில் எது பொய், சொல்லுங்கள்.

உங்களுக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர் வந்து விசாரித்தார். வீட்டில் செய்த பீர், பாட்டில் தானாக வெடித்தது, அவர் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார் என்று சொன்னேன். அத்தனையும் உண்மை. ஸ்டோர் ரூமைப் பார்த்தார். மேல் தட்டில் இன்னும் இரண்டு பாட்டில் வெடித்துக் கிடந்தது. தலையை ஆட்டினார். "இந்த வேலையெல்லாம் வீட்டுல எதுக்கும்மா" என்று புத்தி சொன்னார். விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்.

என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார். கதவைச் சாத்தியதும் என் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்காக இவ்வளவு பெரிய பொய் சொல்லிட்டியே" என்றார்.

"இனிமே அதைப் பத்திப் பேச வேண்டாம்" என்றேன். பேசவில்லை.

அன்றோடு அவர் பீரை வாயில் வைக்கவில்லை. நான் செய்வதை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்த வேண்டும்? நல்ல பீர் அது. நாலு மணிக்கு அவரே பாட்டிலைத் திறந்து, கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, இரண்டு விரல் நுரை நிற்கிற மாதிரி எனக்கு ஊற்றிக் கொடுப்பார். எதிரில் உட்கார்ந்து நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். முதல் மடக்கில் வருகிற அந்த வறுத்த வாசனை, அப்புறம் தொண்டையில் இறங்குகிற கசப்பு, ஜன்னலில் வெயில், எதிரில் என்னை ஒரு சொல் எதிர்க்காத மனிதர். பதினோரு வருடம். தெருவில் பார்த்தவர்கள், "இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான்" என்றார்கள். நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள், வெட்கப்படுகிற விஷயமில்லை.

போன மாதம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. இதயத்தில் வால்வு சரியில்லை என்றார் டாக்டர். அன்றிலிருந்து, "சாகறதுக்குள்ள அக்காவுக்கு ஒரு நியாயம் பண்ணணும்" என்று ஆரம்பித்தார். வேண்டாம் என்றேன். நான் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான், பதினோரு வருடமாக. நேற்றுக் காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். உப்பு ஜாடிக்கு அடியில் ஒரு சீட்டு: 'ஸ்டேஷனுக்குப் போறேன். அடுப்பு கேஸை மூடிட்டேன்.' என்னைக் கேட்காமல் அவர் செய்த ஒரே காரியம். எனக்கு அதுதான் வலித்தது, மற்றதெல்லாம் இல்லை.

இப்போது நீங்கள் கேட்பது புரிகிறது. "மறுபடியும் புருஷனைக் காப்பாத்த வந்திருக்கீங்களா அம்மா? பாட்டில் தானா வெடிச்சதுன்னு எப்படி நம்புறது?" நியாயமான கேள்வி. அதற்காகத்தான் இந்த நோட்டைக் கொண்டுவந்தேன்.

ஆய்வகத்தில் இருந்தவள், செய்ததை எழுதாமல் இருக்க எனக்கு வராது. தேதி, பார்லி எடை, வெப்பம், எத்தனை நிமிடம், எத்தனை பாட்டில், எங்கே வைத்தேன். ஒரு பக்கம்கூடக் கிழித்ததில்லை. நூற்று மூன்றாவது தயாரிப்பு, அந்தப் பக்கத்தைத் திருப்புங்கள். எண்பது டிகிரி, அரைமணி நேரம் என்று இருக்கிறதா? அவர் அன்று குடித்தது அதைத்தான். போதை இல்லை. அது முடிந்தது. கீழே பாருங்கள். மொத்தம் முப்பது பாட்டில். இருபத்துமூன்று கனத்த பாட்டில், பாட்டிலுக்கு ஒரு கரண்டி சீனி, கீழ்த் தட்டு. ஏழு பாட்டில், கடையில் பழச்சாறு வந்த மெல்லிய கண்ணாடி, மேல் தட்டு, வெந்நீர் ஹீட்டர் பக்கம். அந்த ஏழுக்கும் எத்தனை கரண்டி என்று எழுதியிருப்பதை நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள். சீனி கூடக் கூட உள்ளே காற்று அழுத்தும், சூட்டில் இன்னும் அதிகமாக.

ஆமாம், கை தவறவில்லை. தவறாது என்று முதலிலேயே சொன்னேன்.

தேதியா? நாத்தனார் குடை எடுக்க வந்தாரே, அதற்கு மறுநாள்.

அடுத்த வரியையும் வாசியுங்கள், அதுவும் என் கையெழுத்துதான். 'எட்டாம் நாள். காலை பதினொன்று. மேல் தட்டில் இரண்டு வெடித்தது. மிச்சம் ஐந்து.' அந்த இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தபோது சுவரில் நுரை காய்ந்து பொருக்காகியிருந்தது. அன்று வெடித்தது என்றால் எப்படிக் காயும்? அவர் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு நான் அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை.

கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பாட்டில் வெடித்தால் பயந்துபோவார், முகத்தில் ஒரு கீறல் விழும், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போவார் என்று நினைத்தேன். மிச்சத்தைப் பாட்டிலிடம் விட்டேன். ஆனால் நீங்கள் கேட்பது வேறு. ஐந்து மிச்சம் என்று எழுதிவைத்த பிறகு, மேல் தட்டிலிருந்து எடுங்கள் என்று சொன்னேனா? சொன்னேன். மேலே கைநீட்டி எடுக்கும்போது பாட்டில் எங்கே வரும் என்று தெரியுமா? தெரியும். கழுத்துக்கு. போதுமா? என் அண்ணியை நான்தான் கொன்றேன். இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இனி அவரை விடுங்கள்.

அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? தாராளமாகச் சொல்லுங்கள். உங்கள் வீட்டம்மாதான் செய்தார்கள், ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்லுங்கள். நோட்டையும் காட்டுங்கள். நம்ப மாட்டார். பதினோரு வருடத்துக்கு முன் நான் அந்த இன்ஸ்பெக்டரிடம் உண்மையைத்தான் சொன்னேன், அதைத் தனக்காகச் சொன்ன பொய் என்றுதானே எடுத்துக்கொண்டார்? இதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டா என்று தலையில் அடித்துக்கொள்வார். நீங்கள் கற்பூரம் அடித்துச் சொன்னாலும் நடக்காது. என்னை எந்த ஜெயிலில் வைத்தாலும் வாரா வாரம் வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். எனக்கு அது போதும். போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்.

வந்துவிட்டீர்களா? இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டீர்களே. எல்லாவற்றையும் சொன்னீர்களா? அடுப்பில் ஏற்றியதையும்? காலையில் நான் சொல்லிக்கொடுத்ததையும்? சரி. என்ன சொன்னார்?

"எதுவும் கேக்கலம்மா. அப்படியான்னார். நீங்க போகலாம், வண்டியில கொண்டுபோய் வீட்டுல விடச் சொல்றேன்னேன். வேற எங்க வேணா விடுங்க, அந்த வீட்டுக்கு மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டார். அதையே ரெண்டு தடவை சொன்னார்."

பார்த்தீர்களா, இன்ஸ்பெக்டரம்மா. நான் இல்லாத வீட்டில் அவரால் ஒரு பொழுதுகூட இருக்க முடியாது. அதைத்தான் சொல்கிறார்.